கொழுப்புக் கல்லீரல்: அண்ணனை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

மலர்விழி_மதுரை

வணக்கம். என் அண்ணன் விஷயமா யோசனை கேக்க வந்திருக்கேன்.

வயசு 46. கீழமாசி வீதியில பலசரக்கு மொத்தக் கடை. காலையில கல்லாவுல உக்காந்தா ராத்திரி கடை எடுத்து வைக்கிற வரைக்கும் அசையிறதில்ல. எடை 84 கிலோ, உயரம் 168 செ.மீ. சர்க்கரை இருக்கு, மெட்ஃபார்மின் போடுறாரு. குடி சுத்தமா கிடையாது. பித்தப்பையில கல் இருக்கான்னு பாக்க எடுத்த ஸ்கேன்ல 'ஃபேட்டி லிவர் கிரேடு 2'ன்னு வந்திருச்சு. ரத்தத்துல பாத்த கல்லீரல் நொதிங்க: எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 68.

கல்லீரல் டாக்டர்கிட்ட போனோம். "புது மருந்து ஒண்ணுக்கு ஆய்வு நடக்குது. வாரம் ஒரு ஊசி, ஒரு வருசத்துக்கு மேல ஓடும், செலவு எதுவும் கிடையாது, விருப்பம்னா சொல்லுங்க"ன்னு ஒரு கத்தைத் தாளைக் குடுத்து அனுப்பிட்டாரு. மருந்துக்குப் பேரு கூட இல்ல, எழுத்தும் எண்ணும்தான்.

வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "எம் புருசன் என்ன சோதனை எலியா"ன்னு அண்ணி ஒரே அழுகை. அம்மா தினமும் வெறும் வயித்துல கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறாங்க. அண்ணனுக்கோ, ஓசி வைத்தியம் வந்தா விடுவானேன்னு நினைப்பு. இதுக்கு நடுவுல ஒரு கல்யாண வீட்டுல, "கல்லீரல்னா மனுசன் மறைவாக் குடிக்கிறாரு போல"ன்னு வேற பேச்சு.

இந்த நோய்க்கு நிஜமாவே மருந்து இருக்கா? இருக்குன்னா அப்புறம் எதுக்கு ஆய்வு?

திருநகர் பாண்டி

தங்கச்சி, மதுரையில நாப்பதைத் தாண்டி வயித்து ஸ்கேன் எடுத்தவய்ங்கள்ல கிரேடு 1, கிரேடு 2 இல்லாதவன் எவன்? எனக்கும்தான் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு நாலு புரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்தி, கூட ஒரு சுக்காவைச் சொல்லி, முடிச்சுட்டு அப்படியே போயிப் படுத்தா வேற என்ன வரும்? ஆய்வு கீய்வுன்னு போயி மாட்டிக்கிறாதீங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்காரய்ங்க நம்ம ஆளுக மேலதான் எல்லாத்தையும் போட்டுப் பாப்பாய்ங்க.

மாத்திரைக் கடை

நான் மருந்துக் கடை வச்சிருக்கேன். 'ஃபேட்டி லிவர்'னு எழுதி வர்ற சீட்டுல பெரும்பாலும் இருக்கிறது உர்சோடியாக்சிகோலிக் அமிலம், சிலிமரின், வைட்டமின் ஈ. இப்ப சில வருசமா சரோக்ளிட்டசாரும் சேர்ந்திருக்கு. இது நம்ம நாட்டுக் கம்பெனி கண்டுபிடிச்சது. 2013ல சர்க்கரைக்காரங்களுக்கு வர்ற ரத்தக் கொழுப்புக்குன்னு அனுமதி வாங்கினாங்க, 2020ல இந்தக் கல்லீரல் நோய்க்கும் இந்தியாவுல அனுமதி கிடைச்சுது. கையில மாத்திரை இருக்கும்போது பேரில்லாத ஊசியை எதுக்குப் போட்டுக்கணும்? என் கருத்து இதுதான்.

மருந்தியல் வாத்தியார்

மலர்விழி, இங்க எல்லாரும் கிரேடு 2ஐப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறாங்க. அது கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு ஸ்கேன் பாக்குறவர் திரையில கண்ணால போட்ட மதிப்பு. அண்ணனோட எதிர்காலத்தைச் சொல்றது அது இல்ல. கல்லீரல்ல தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ், விழுந்திருக்கா, எவ்வளவு விழுந்திருக்குங்கிறதுதான் சொல்லும். எஃப்0ல ஆரம்பிச்சு எஃப்4 வரைக்கும் அதுக்குப் படி இருக்கு. எஃப்4ன்னா சிரோசிஸ். கிரேடு 3 கொழுப்போட எஃப்0ல இருக்கிறவரும் உண்டு, கிரேடு 1ஓட எஃப்3ல இருக்கிறவரும் உண்டு.

அண்ணன் கடைக்காரர்ங்கிறதால அவருக்குப் புரியிற மாதிரி சொல்றேன். கொழுப்புங்கிறது கிட்டங்கியில அடுக்கின மூட்டை. கூடிப் போனா இறக்கிடலாம். மூட்டை அழுத்தி அழுத்திச் சுவர் வெடிச்சு, வெடிச்ச இடத்தை எல்லாம் சிமெண்டை வச்சுப் பூசிக்கிட்டே வந்தா, ஒரு நாள் உள்ள மூட்டை வைக்க இடமே இருக்காது. அந்தப் பூச்சுதான் தழும்பு.

இப்ப மருந்துக்கு வர்றேன். குடிக்காதவங்களுக்கும் குடிகாரங்க மாதிரியே கல்லீரல்ல கொழுப்பும் அழற்சியும் வருதுன்னு 1980ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் குழு எழுதி, அதுக்கு ஒரு பேரும் வச்சுது. (கல்யாண வீட்டுல பேசினவங்ககிட்ட இதைச் சொல்லலாம்.) அதுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் முதல் மருந்தை ஒப்புக்கிட்டது 2024 மார்ச்சுல. நடுவுல 44 வருசம். அந்த மருந்து ரெஸ்மெட்டிரோம், தினம் ஒரு மாத்திரை. தைராய்டு ஹார்மோனுக்குக் கல்லீரல்ல இருக்கிற பீட்டா ஏற்பியை மட்டும் தட்டி எழுப்பி, அங்கயே கொழுப்பை எரிக்க வைக்குது. இதயத்துல இருக்கிறது பெரும்பாலும் ஆல்ஃபா ஏற்பி. அதைத் தொட்டா படபடப்பு வரும், அதனால அதை விட்டுட்டு வேலை செய்யிற மாதிரி வடிவமைச்சிருக்காங்க.

அடுத்தது செமாக்ளூட்டைடு, வார ஊசி. சர்க்கரைக்கும் எடைக்கும் ஏற்கெனவே இருந்தது. கல்லீரலுக்கும் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

கல்லீரலுக்குன்னு பாத்தா ரெண்டுமே எஃப்2, எஃப்3 உள்ளவங்களுக்கு மட்டும்தான். எஃப்0, எஃப்1க்கு இல்ல, எஃப்4க்கும் இல்ல. அதனால ஆய்வுல சேரலாமாங்கிறதுக்கு முன்னாடி அண்ணன் எந்தப் படியில நிக்கிறாருன்னு தெரியணும். ரத்தப் பரிசோதனைத் தாள்ல பிளேட்லெட் எண்ணிக்கை இருக்கும், அதைப் போடுங்க.

திருநகர் பாண்டி

வாத்தியாரே, ஒரு சந்தேகம். அந்த மாத்திரையைச் சாப்பிட்டவய்ங்கள்ல எத்தனை பேருக்குக் கேட்டுச்சாம்?

மருந்தியல் வாத்தியார்

நல்ல கேள்வி. ரெஸ்மெட்டிரோம் ஆய்வுல 966 பேர், 52 வாரம், ஆரம்பத்துல ஒரு பயாப்சி (ஊசியால குத்திக் கல்லீரல்ல ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்குறது), முடிவுல ஒரு பயாப்சி. 100 மி.கி. எடுத்தவங்கள்ல 29.9 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கிச்சு, ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவங்கள்ல 9.7. தழும்பு ஒரு படியாவது குறைஞ்சது 25.9 சதவீதம் பேருக்கு, வெறும் மாத்திரையில 14.2.

செமாக்ளூட்டைடு ஆய்வுல முதல் 800 பேரோட 72 வார முடிவு: அழற்சி அடங்கினது 62.9 சதவீதம், வெறும் ஊசியில 34.3. தழும்பு குறைஞ்சது 36.8, வெறும் ஊசியில 22.4. ஆனா ரெண்டு ஆய்வையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது பெருசுன்னு சொல்லக்கூடாது. ஆளுங்க வேற, கால அளவு வேற.

திருநகர் பாண்டி

//தழும்பு ஒரு படியாவது குறைஞ்சது 25.9 சதவீதம் பேருக்கு, வெறும் மாத்திரையில 14.2//

அப்ப நூறு பேரு வருசம் பூராவும் மாத்திரை முழுங்கினா, மாத்திரையால தழும்பு குறையிறது பதினோரு பன்னெண்டு பேருக்கா? மத்தவய்ங்க சும்மா முழுங்கினாய்ங்களா? அதைவிட, ஒண்ணுமே இல்லாத மாத்திரைக்கு 14 பேருக்குக் குறையுதுன்னா அந்த ஒண்ணுமில்லாத மாத்திரையையே எனக்குக் குடுங்க, காசாவது மிஞ்சும்.

மருந்தியல் வாத்தியார்

கணக்கு சரி. இந்தத் துறையே தலையைப் பிச்சுக்கிட்டு நிக்கிற இடம் அதுதான்.

ஒண்ணு, ஆய்வுல சேர்ந்தவுடனே ஆளு மாறிடுறாரு. மாசாமாசம் எடை பாக்குறாங்க, உணவு ஆலோசகர் பேசுறாரு, கேக்குற நர்ஸுக்குப் பதில் சொல்லணும். புரோட்டா தானாக் குறையும். கல்லீரல் அதுக்கே இறங்கி வரும். ரெண்டு, பயாப்சியில எடுக்கிற துண்டு மொத்தக் கல்லீரல்ல ஏறக்குறைய ஐம்பதாயிரத்துல ஒரு பங்கு. முதல்ல ஒரு இடத்துல குத்தி, அடுத்த தடவை ரெண்டு விரக்கடை தள்ளிக் குத்தினா படி மாறித் தெரியலாம். மூணு, அந்தத் துண்டைப் பாக்குற ரெண்டு நோய்க்குறியியல் டாக்டர்களே எஃப்1ஆ எஃப்2ஆன்னு ஒத்துப் போறதில்ல. இந்தக் குழப்பத்தை எல்லாம் தாண்டி மருந்து தன்னைக் காட்டணும்.

காட்ட முடியாமப் போனது நிறைய. செலான்செர்டிப் 2019ல விழுந்துச்சு, எலாஃபிப்ரனார் 2020ல. ஒபெட்டிகோலிக் அமிலம் தழும்பைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டியும், அரிப்பு, கெட்ட கொழுப்பு ஏறுறது, கல்லீரல் பாதிப்பு பயம்னு 2020லயும் 2023லயும் அமெரிக்காவுல திருப்பி அனுப்பிட்டாங்க. ஆரம்பக் கட்டத்துல எல்லாமே பிரமாதமாத் தெரிஞ்ச மருந்துங்கதான்.

அதனால மலர்விழியோட ரெண்டாவது கேள்விக்குப் பதில்: மருந்து வந்திருக்கு, ஆனா எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல தழும்பு அப்படியே நிக்குது. ஆய்வு தொடர்றது அதனாலதான்.

மலர்விழி_மதுரை

சார், பிளேட்லெட் 1.9 லட்சம்னு போட்டிருக்கு.

மருந்தியல் வாத்தியார்

ஃபிப்-4ன்னு ஒரு கணக்கு. செலவில்லாதது, யாரும் வீட்டுலயே போடலாம். வயசையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கணும்: 46 × 52 = 2,392. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்குல எடுத்து (190), எஸ்.ஜி.பி.டி.யோட வர்க்கமூலத்தால (68க்கு 8.25) பெருக்கணும்: சுமார் 1,567. முதல்ல வந்ததை ரெண்டாவதால வகுத்தா 1.53.

1.3க்குக் கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல போனா கல்லீரல் டாக்டர்கிட்ட உடனே போகணும். (65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்குக் கீழ் எல்லை 2.) அண்ணன் நடுவுல நிக்கிறாரு. அடுத்தது ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணும். விலாவுக்கு இடையில கருவியை வச்சு லேசாத் தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு கிலோபாஸ்கல்ல சொல்லும். வலி கிடையாது. மூணு மணி நேரம் சாப்பிடாமப் போகணும். சாப்பிட்டுட்டுப் போனா எண் கூடக் காட்டும்.

பாண்டி அண்ணே, நீங்களும் உங்க கணக்கைப் போட்டுப் பாருங்க.

மட்டுறுத்துநர்

'ஏழே நாளில் கல்லீரல் சுத்தம்' சூரண விளம்பரமும் அதிலிருந்த கைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

சீந்தில் கொடி

பாளையங்கோட்டையில சித்தா படிச்சவ நான். மலரக்கா வீட்டுக் கீழாநெல்லியைப் பத்தி நானே சொல்லிடுறது நல்லது.

காமாலைக்குக் கீழாநெல்லிங்கிறது நம்ம பாட்டிமார் கைவைத்தியம். அதை உலகம் திரும்பிப் பாத்தது 1988ல. சென்னையில தியாகராஜன் குழு ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமக்கிறவங்களுக்கு இதைக் குடுத்து, லான்செட் இதழ்ல எழுதினாங்க. மூலிகை எடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட மேலுறைப் புரதம் மறைஞ்சுது, வெறும் மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். பெரிய பரபரப்பு. ஆனா அடுத்து வேற வேற ஊர்ல செஞ்சு பாத்தவங்களுக்கு அந்தப் பலன் திரும்பி வரல. அதோட அது கிருமிக்கான ஆய்வு, கொழுப்புக்கு இல்ல. கீழாநெல்லியோட அக்கா தங்கச்சிச் செடி ஒண்ணைக் கொழுப்புக் கல்லீரலுக்கு ஹாங்காங்ல குடுத்துப் பாத்தாங்க, வெறும் மாத்திரையை விட மேல ஒண்ணும் செய்யல.

அதுக்காகக் கீழாநெல்லி விஷம்னு சொல்ல வரல. ஆய்வுல சேர்றதா இருந்தா அதை டாக்டர்கிட்ட மறைக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் பயப்படுறது வேற ஒண்ணுக்கு. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்திலைக் காய்ச்சிக் காய்ச்சிக் குடிச்சாங்களே, அதுல கல்லீரல் கெட்டுப் போன 43 பேரை இந்தியாவுல பல ஊர் மருத்துவமனைங்க சேர்ந்து 2022ல பதிவு பண்ணியிருக்காங்க. என் பேரே சீந்தில் கொடி, நான் சொன்னா நம்புவீங்கதானே! மிளகுச் சத்தைச் சேர்த்து விக்கிற மஞ்சள் மாத்திரை, பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை, இதுலயும் அதே கதை உண்டு. குழம்புல போடுற மஞ்சளுக்கு இது பொருந்தாது.

மாத்திரைக் கடை

மூலிகைக்கு ஒரு நியாயம், என் மாத்திரைக்கு ஒரு நியாயமா? வாத்தியார் சரோக்ளிட்டசாரைப் பத்தி வாயே திறக்கல. அமெரிக்காக்காரன் ஒப்புக்கிட்டாத்தான் மருந்தா?

மருந்தியல் வாத்தியார்

கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி, அதுக்குத்தான் வர்றேன். அமெரிக்காவுல 106 பேரை வச்சு 16 வாரம் நடந்த ஆய்வுல, 4 மி.கி. சரோக்ளிட்டசார் எஸ்.ஜி.பி.டி.யை சராசரியா 45.8 சதவீதம் இறக்குச்சு. கல்லீரல் கொழுப்பு முன்ன இருந்ததுல ஏறக்குறைய ஐஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுது. நல்ல எண்தான். நம்ம ஆளுங்களுக்கு டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு அதிகமா இருக்கிறதால அந்த வகையிலயும் உதவும். ஆனா 16 வாரத்துல தழும்பைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் குடுத்தா போடட்டும். கடையில கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

உங்க பட்டியல்ல உள்ள மத்ததையும் பேசிடுவோம். உர்சோ, கொழுப்புக் கல்லீரல்ல திசு அளவுல பலன் காட்டல. வைட்டமின் ஈக்கு நல்ல ஆய்வு இருக்கு: 2010ல வந்தது, 247 பேர், 96 வாரம், தினம் 800 யூனிட். 43 சதவீதம் பேர் தேறினாங்க, வெறும் மாத்திரையில 19. ஆனா அந்த ஆய்வுல சர்க்கரைக்காரங்களைச் சேர்க்கவே இல்ல. மலர்விழியோட அண்ணனுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்க முடியாது. வேற ஒரு பெரிய ஆய்வுல தினம் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடித் தெரிஞ்சுது. வருசக் கணக்கா கேள்வி கேக்காம வாங்கித் தின்னுற சமாச்சாரம் இல்ல அது.

இன்னொண்ணு, எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்குன்னு கொழுப்பு மாத்திரையை, ஸ்டாட்டினை, தானா நிறுத்திடுறாங்க. உங்க கடைக்கு வர்றவங்களும் செய்வாங்க. அதைத் தடுங்க. கொழுப்புக் கல்லீரல் உள்ளவங்க அதிகமாச் சாகுறது கல்லீரலால இல்ல, இதயத்தால.

மாத்திரைக் கடை

கடைசியாச் சொன்னது நூத்துக்கு நூறு. ஸ்டாட்டின் வாங்கிக்கிட்டு இருந்தவரு திடீர்னு வரமாட்டாரு. கேட்டா "லிவர்ல கொழுப்பு இருக்காம், அந்த மாத்திரை லிவரைக் கெடுக்குமாம்"பாரு.

விலையைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்களே. அந்தப் புது மருந்தெல்லாம் கீழமாசி வீதி முதலாளிக்கு ஒருவேளை கட்டும். அவரு கடையில மூட்டை தூக்குறவருக்கு?

மருந்தியல் வாத்தியார்

ஒத்துக்கிறேன். செமாக்ளூட்டைடோட இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோட முடியிற கணக்கு. நம்ம ஊர்க் கம்பெனிங்க அதுக்குத்தான் வரிசையில நின்னாங்க. ரெஸ்மெட்டிரோமுக்கு அந்த வழி இப்போதைக்கு இல்ல.

தங்கம்_உசிலை

நான் கொஞ்சம் வேற மாதிரி ஆளு. 52 கிலோதான் இருப்பேன். ஒல்லியா இருக்கிற எனக்கே கிரேடு 2. ஸ்கேன் எடுத்த பொண்ணு ரெண்டு தடவை என் பேரைச் சரி பாத்துச்சு. வயிறு மட்டும் முன்னாடி வந்திருக்கும், கை கால் குச்சி. டாக்டர் சொன்னது, நம்மாளுகளுக்கு எடை குறைவா இருந்தாலும் உள்ளுறுப்பைச் சுத்திக் கொழுப்பு சேரும், அதனாலதான் நமக்கு உடல் நிறை எண் 23ஐத் தாண்டினாலே அதிகம்னு வச்சிருக்காங்களாம். இடுப்புச் சுத்தளவு பொம்பளைக்கு 80 செ.மீ., ஆம்பளைக்கு 90க்குள்ள இருக்கணும். பிஎன்பிஎல்ஏ3ன்னு ஒரு மரபணு மாற்றமும் காரணமா இருக்கலாம்னாரு, அதை 2008ல கண்டுபிடிச்சாங்களாம்.

நான் முதல்ல பண்ணினது எண்ணெயை நிறுத்தினதுதான். தாளிக்கக் கூட விடல. வீட்டுல எல்லாரும் வஞ்சாங்க. ஒண்ணும் குறையல. அப்புறம் சோத்தைப் பாதியாக்கி, வெஞ்சனத்தை ரெண்டு மடங்காக்கினேன். ராத்திரி இட்லி தோசைக்குப் பதிலா ரெண்டு முட்டை, சுண்டல், கீரை. மதியத்துக்கு மேல டீயில சீனி கிடையாது. அதுக்கப்புறம்தான் எஸ்.ஜி.பி.டி. இறங்குச்சு. எண்ணெயை விட்டப்ப இறங்காதது சோத்தைக் குறைச்சப்ப ஏன் இறங்குச்சுன்னு வாத்தியார் சொன்னா நல்லது.

மருந்தியல் வாத்தியார்

தங்கம், இதுக்கு ஒரு அருமையான ஆய்வு இருக்கு. 2005ல அமெரிக்காவுல, கொழுப்புக் கல்லீரல் உள்ள 9 பேருக்கு அடையாளம் போட்ட கொழுப்பையும் மாவுச்சத்து வழியையும் தனித்தனியாத் தொடர்ந்து பாத்தாங்க. கல்லீரல்ல இருந்த கொழுப்புல 59 சதவீதம் உடம்புல ஏற்கெனவே சேர்த்து வச்ச கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல வந்தது. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரையில இருந்தும் மாவுல இருந்தும் புதுசாச் செஞ்சது. சாப்பிட்ட எண்ணெய், நெய், கறியில இருந்து நேரா வந்தது 15 சதவீதம்தான். சாதாரண ஆளுக்குக் கல்லீரல் தானே செய்யிற கொழுப்பு ரொம்பக் குறைவா இருக்கும்.

சோத்தையும் சீனியையும் குறைச்சா இன்சுலின் அளவு இறங்கும். புதுசாச் செய்யிற வேலை குறையும், வயித்துல இருந்து கொழுப்பு கரைஞ்சு வர்ற வெள்ளமும் அடங்கும். எண்ணெயை மட்டும் நிறுத்தினா அந்தப் பதினஞ்சுல கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 2025ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்கெடுப்புப்படி இந்தியச் சாப்பாட்டுல 62 சதவீதம் கலோரி மாவுச்சத்துல இருந்துதான் வருது. நம்ம தட்டைப் பாத்தாலே தெரியும். இட்லி, சோறு, தோசை, நடுவுல பன், ஜிகர்தண்டா.

எடை கூட உள்ளவங்களுக்கு இன்னொரு எண். கியூபாவுல 293 பேரை 52 வாரம் சாப்பாடு, நடையை மட்டும் வச்சுப் பாத்தாங்க, 2015ல வந்தது. பத்து சதவீதமோ அதுக்கு மேலயோ எடை இறங்கினவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கிச்சு, 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைஞ்சுது. அந்த 90, எந்த மருந்து ஆய்வுலயும் நான் பாக்காத எண். ஆனா அந்தப் பத்து சதவீதத்தைத் தொட்டவங்க பத்துல ஒருத்தர்தான்! பாண்டி அண்ணே சிரிக்காதீங்க. 84 கிலோ ஆளுக்கு அது எட்டரை கிலோ. கல்லாவுல உக்காந்துக்கிட்டே அது நடக்காது.

திருநகர் பாண்டி

சிரிக்கல வாத்தியாரே. கணக்குப் போட்டேன், 1.1 வந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். இருந்தாலும் ரேஸ்கோர்ஸ்ல நாலு சுத்து நடந்துட்டு, வாசல்ல ஒரு பருத்திப்பாலைக் குடிச்சுட்டு வர்றவன்தான் நான். அதுல கருப்பட்டி எவ்வளவுன்னு கேக்காதீங்க.

வெள்ளுடுப்பு

நான் நர்ஸ். மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளரா வேலை பாத்திருக்கேன் (இந்த ஆய்வு இல்ல). சோதனை எலிங்கிற பயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன்.

மலரக்கா, குடுத்த தாள்கத்தையில சி.டி.ஆர்.ஐ. எண் இருக்கும். இந்தியாவுல நடக்கிற ஒவ்வொரு மருந்து ஆய்வும் அந்த அரசுப் பதிவேட்டுல ஏறியிருக்கணும், 2009 ஜூன்ல இருந்து கட்டாயம். இணையத்துல அந்த எண்ணைப் போட்டா எந்தக் கட்டம், எத்தனை பேரு, எந்தெந்த ஊருன்னு வந்துரும். நம்ம ஊருல மட்டும்தான் நடக்குதா, அமெரிக்கா ஐரோப்பாவுலயும் நடக்குதான்னு அண்ணிக்கே காட்டலாம். எண்ணே இல்லைன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க.

அந்தத் தாள் தமிழ்ல இருக்கணும். இங்கிலீஷ்ல குடுத்திருந்தா தமிழ்ல கேளுங்க, அது உங்க உரிமை. அதுல, ஆய்வுல சேர்றவங்க நலனைப் பாத்துக்கிற நெறிமுறைக் குழுவோட போன் நம்பர் இருக்கும். டாக்டர் கிடைக்காட்டியும் அவங்களைக் கூப்பிடலாம். 2019 விதிப்படி, ஆய்வால வர்ற கேட்டுக்குச் சிகிச்சையும் இழப்பீடும் ஆய்வு நடத்துறவங்க குடுத்தாகணும். எப்ப வேணாலும் காரணம் சொல்லாம விலகலாம். விலகினா வழக்கமான வைத்தியம் நிக்கக்கூடாது.

இதெல்லாம் காகிதம். நான் நேருல பாத்ததையும் சொல்றேன். கையெழுத்து போடுற நேரத்துல பாதிப் பேரு தாளைப் படிக்கவே மாட்டாங்க, "நீங்க சொன்னாச் சரி சார்"ம்பாங்க. வெறும் ஊசியும் வரலாம்னு மூணு தடவை சொல்லியிருப்போம். ஆறு மாசம் கழிச்சு "எனக்கு நல்ல ஊசிதானம்மா போடுறீங்க?"ன்னு கேப்பாங்க. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதை அண்ணன் மனசார ஏத்துக்கிறாரான்னு பாருங்க. ஓசி வைத்தியம்னு மட்டும் நினைச்சு வர்றவங்கதான் பாதியில கோவிச்சுக்கிட்டுப் போவாங்க.

கேக்க வேண்டியது: ஆய்வு முடிஞ்சப்புறம் மருந்து பலன் குடுத்திருந்தா தொடர்ந்து குடுப்பாங்களா? பயாப்சி எத்தனை தடவை? நடுவுல சர்க்கரை மருந்தை மாத்தணும்னா விடுவாங்களா? மூணாவதைப் பலர் கேக்க மறந்துடுவாங்க. அண்ணனுக்கு அதுதான் முக்கியம்.

மலர்விழி_மதுரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபைப்ரோஸ்கேன் எடுத்தாச்சு, 9.4 கிலோபாஸ்கல். பதிவேட்டு எண்ணும் இருந்துச்சு, போட்டுப் பாத்தோம். மூணாம் கட்டம், பல நாட்டுல நடக்குது. அண்ணி அந்தப் பட்டியலை விரல் வச்சு வாசிச்சுட்டு, "அங்கயும் எலி பிடிக்கிறாங்களா"ன்னாங்க. அழுகை நின்னுருச்சு, அது வரைக்கும் நல்லது.

மருந்தியல் வாத்தியார்

8க்குக் கீழ இருந்தா நிம்மதி, 12க்கு மேல போனா கவலை. 9.4 நடுவுல. எஃப்2ஆ இருக்க வாய்ப்பிருக்கு, உறுதி இல்ல. ஆய்வுக்காரங்க பயாப்சி பண்ணித்தான் உறுதி பண்ணுவாங்க. எஃப்1ன்னு வந்தா அவங்களே வேண்டாம்னுடுவாங்க. அப்படி வேண்டாம்னா வருத்தப்பட வேண்டாம், அது நல்ல சேதி.

என் யோசனை: எஃப்2, எஃப்3ன்னு வந்தா சேரலாம். இந்த நோய்ல வெறும் ஊசிப் பக்கம் விழுந்தாலும் நஷ்டம் குறைவு, மாசாமாசம் கண்காணிப்பு கிடைக்கும். ஆனா சர்க்கரை இப்ப சரியா கட்டுப்பாட்டுல இல்லைன்னா, செமாக்ளூட்டைடு மாதிரி ஏற்கெனவே நிரூபிச்சதை ஆய்வுக்கு வெளிய எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட முதல்ல கேக்கணும். வெறும் ஊசிக்காக ஒரு வருசம் அதைத் தள்ளிப் போடுறது சர்க்கரைக்காரருக்கு நியாயமா இருக்காது. மூணு மாசச் சர்க்கரை எவ்வளவு?

மலர்விழி_மதுரை

7.1 சார்.

மருந்தியல் வாத்தியார்

அப்ப அவசரம் இல்ல. இருந்தாலும் அந்தக் கேள்வியை டாக்டர்கிட்ட கேட்டுட்டே கையெழுத்து போடட்டும்.

மாத்திரைக் கடை

பயாப்சின்னா ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை எதுவும் இருக்கக்கூடாது. அண்ணன் இதயத்துக்குன்னு ஆஸ்பிரின் போடுறாரான்னு பாருங்க. சர்க்கரைக்காரங்க நிறையப் பேரு போடுவாங்க. தானா நிறுத்தாம, சொல்லிக் கேட்டு நிறுத்தணும்.

மலர்விழி_மதுரை

போடுறாரு. இதை யாரும் கேக்கவே இல்ல அண்ணாச்சி, சொல்லிடுறேன். அண்ணன் பயாப்சிக்குச் சரின்னுட்டாரு, மத்ததை அப்புறம் பாக்கலாம்னாரு. அவருக்கு ஒரே கவலை, தீபாவளிச் சரக்கு வந்து இறங்குற நேரம், எத்தனை நாள் கடைக்குப் போக முடியாதுன்னு.

வெள்ளுடுப்பு

மரத்துப் போக ஊசி போட்டு, விலாவுக்கு இடையில குத்தி எடுப்பாங்க, குத்துறது ஒரு நொடிதான். அப்புறம் சில மணி நேரம் படுக்க வச்சு ரத்த அழுத்தம் பாத்துக்கிட்டே இருப்பாங்க. பெரும்பாலும் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வலது தோள்பட்டையில வலி வரலாம், பயப்பட வேண்டாம். வயித்து வலி கூடிக்கிட்டே போனாலோ, தலை சுத்தி வேர்த்தாலோ, உடனே திரும்பி வரணும். ரத்தக் கசிவு அரிது, ஆனா வந்தா தாமதிக்கக்கூடாது. அன்னைக்கு ராத்திரி ஊருக்குள்ளயே இருக்கட்டும்.

ரெண்டு நாள்ல கல்லாவுல உக்காரலாம். ஒரு வாரத்துக்கு மூட்டை தூக்கக்கூடாது, சரக்கு இறங்குதுன்னு கூடமாட ஒரு கை பிடிக்கிறதும் கூடாது. இதை அண்ணன்கிட்ட சொல்றதை விட கடைப் பையன்ககிட்ட சொல்லி வைங்க.